90 லட்சம் பெண்களை எரித்தார்களா? ஐரோப்பியச் சூனிய வழக்குகளில் எது உண்மை, எது கதை

கேள்வி இதுதான்: "இடைக்கால ஐரோப்பாவில் சர்ச் 90 லட்சம் பெண்களைச் சூனியக்காரிகள் என்று முத்திரை குத்தி உயிரோடு எரித்தது, அவர்களில் பெரும்பாலோர் மூலிகை வைத்தியம் தெரிந்த மருத்துவச்சிகள் என்று ஒரு செய்தி அடிக்கடி கண்ணில் படுகிறது. இது எவ்வளவு தூரம் உண்மை?"

பெண்கள் கொல்லப்பட்டது உண்மை. ஆண்களும் குழந்தைகளும்கூடக் கொல்லப்பட்டார்கள். மற்றபடி இடைக்காலம், சர்ச், 90 லட்சம், உயிரோடு எரித்தது, மருத்துவச்சிகள் என்று அந்த வாக்கியத்தில் உள்ள ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துத்தான் பார்க்க வேண்டும். நானும் பல வருடம் இதை அப்படியே நம்பியவன். நீதிமன்ற ஆவணங்களைத் தோண்டி எழுதியவர்களைப் படிக்கப் படிக்க எனக்குப் புரிந்தது, நடந்தது இந்தக் கதையைவிடப் பயங்கரம் என்பதுதான். கதையில் ஒரே ஒரு வில்லன் இருக்கிறான், அவனைத் திட்டிவிட்டு நாம் போய்விடலாம். ஆவணங்களில் இருப்பவர்களோ அண்டை வீட்டுக்காரர்கள், ஊர் நீதிபதிகள், சட்டம் படித்தவர்கள்.

முதலில் எண்ணிக்கை. 90 லட்சம் எங்கிருந்து வந்தது என்பது நன்றாகவே தெரியும். ஜெர்மனியில் க்வெட்லின்பர்க் என்று ஒரு சிறிய நகரம். அங்கே இருந்த காட்ஃப்ரீட் கிறிஸ்டியன் ஃபோய்க்ட் என்ற சட்ட வல்லுநர் 1784ல் ஒரு கட்டுரை எழுதினார். மொத்தம் ஒரு லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் சொல்லியிருந்தது அவருக்கு ரொம்பக் குறைவாகப் பட்டது. தன் ஊர் ஆவணங்களில் சில பத்தாண்டுகளின் சூனிய வழக்குகளை எண்ணினார். சில டஜன் மரண தண்டனைகள் இருந்தன. அந்தக் கணக்கை நூறு வருடத்துக்கு நீட்டினார். தன் ஊர் ஜனத்தொகைக்கு இத்தனை என்றால் ஐரோப்பா முழுவதற்கும் எத்தனை என்று பெருக்கினார். கடைசியில் அதைப் பதினொரு நூற்றாண்டுகளாலும் பெருக்கினார். வந்த விடை 94,42,994.

ஒரு ஊரின் மோசமான சில வருடங்களை எடுத்து, கண்டம் முழுக்க ஆயிரம் வருடமும் இப்படியே நடந்தது என்று வைத்துக்கொண்டால் இந்த மாதிரி எண்தான் வரும். ஃபோய்க்ட் நல்ல எண்ணத்தோடுதான் எழுதினார், மூடநம்பிக்கைக்கு எதிராக எழுதினார். ஆனால் எண் அவர் கையை விட்டுப் போய்விட்டது. 19ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத்தை எதிர்த்து எழுதிய ஜெர்மானியர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் பெண்ணுரிமைக்குப் போராடிய மட்டில்டா ஜோஸ்லின் கேஜ் 1893ல் தன் நூலில் அதே 90 லட்சத்தைச் சொன்னார். பிறகு நாஜிகளும் பிடித்துக்கொண்டார்கள். சூனிய வழக்குகள் என்பவை பழைய ஜெர்மானிய மதத்தை அழிக்கச் சர்ச் செய்த சதி என்று நிரூபிக்க, 1935ல் நாஜித் தலைவர்களில் ஒருவரான ஹிம்லர் ஒரு தனிக்குழுவையே போட்டார். அந்தக் குழு ஊர் ஊராகப் போய் ஆவணங்களைப் புரட்டி 33,000க்கும் மேற்பட்ட அட்டைகளை எழுதிச் சேர்த்தது. போருக்குப் பிறகு அந்த அட்டைகள் போலந்தில் கிடைத்தன. இவ்வளவு ஆள் பலத்தோடு தேடியும் 90 லட்சத்தின் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை.

இன்றைக்கு வரலாற்றாசிரியர்கள் ஒப்புக்கொள்ளும் கணக்கு இது: சுமார் 1450 முதல் 1750 வரையிலான 300 வருடங்களில் ஒரு லட்சம் பேர் அளவுக்கு வழக்கைச் சந்தித்தார்கள். கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 வரை. இது பகுதி பகுதியாக நீதிமன்றப் பதிவுகளை எண்ணி, தொலைந்துபோன பதிவுகளுக்கு ஒரு மதிப்பீடும் சேர்த்து வந்த எண். இதில் பாதிக்கு மேல் இல்லாவிட்டாலும் பாதியை ஒட்டி, இன்றைய ஜெர்மனியைச் சுற்றியிருந்த புனித ரோமானியப் பேரரசின் ஜெர்மன் பேசும் பகுதிகளில் நடந்தவை. ஸ்காட்லாந்தில் சுமார் 2,500 பேர். அதைவிட ஜனத்தொகை பல மடங்கு அதிகமான இங்கிலாந்தில் சுமார் 500 பேர்.

"ஓ, வெறும் 50,000தானா" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்த மரணங்கள் வரைபடத்தில் சமமாகத் தூவிக் கிடக்கவில்லை. ஒரு பக்கம் தலைமுறை தலைமுறையாக ஒரு வழக்குக்கூட இல்லாத ஊர்கள். இன்னொரு பக்கம் ஜெர்மனியின் ட்ரியர் நகரை ஒட்டிய கிராமங்கள். 1587க்கும் 1593க்கும் இடையே அங்கே 22 கிராமங்களிலிருந்து 368 பேர் எரிக்கப்பட்டார்கள். இரண்டு கிராமங்களில் ஊருக்கு ஒரே ஒரு பெண்தான் மிஞ்சினாள் என்று அக்காலக் குறிப்பு சொல்கிறது. அந்த இரண்டு பெண்களின் இடத்திலிருந்து பார்த்தால் 50,000 சின்ன எண்ணாகத் தெரியாது.

சரி, காலம். இதை "இருண்ட இடைக்காலம்" (சுமார் 5ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை) என்று சொல்வது பெரிய பிழை. இடைக்காலத்தின் பெரும்பகுதியில் சர்ச்சின் நிலைப்பாடு ஏறக்குறைய தலைகீழாக இருந்தது. 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் சார்லமேன் சாக்சன் மக்களுக்குப் போட்ட சட்டத்தில், ஒருவரைச் சூனியக்காரி என்று நம்பி எரிப்பவருக்குத்தான் மரண தண்டனை. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிவைக்கப்பட்ட ஒரு திருச்சபை விதி, தயானா தேவதையோடு இரவில் விலங்குகள்மேல் ஏறிப் பறப்பதாகச் சில பெண்கள் சொல்வது வெறும் கனவு, மனமயக்கம், அதை உண்மை என்று நம்புவதுதான் தவறு என்கிறது. சூனியம் வைத்துக் கெடுதல் செய்தார் என்ற வழக்குகள் இடைக்காலத்திலும் உண்டு, ஆனால் அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

14ஆம் நூற்றாண்டில் பிரான்சின் துலூஸ், கார்கசோன் நகரங்களில் நூற்றுக்கணக்கானவர்களைக் கூட்டமாக எரித்தார்கள் என்று பழைய புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அது நடக்கவே இல்லை. லமோத்-லாங்கோன் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1829ல் தன் நூலில் அந்த வழக்குகளை ஆவணம்போல் இட்டுக்கட்டி எழுதிவிட்டார். நூற்றைம்பது வருடம் பெரிய பெரிய அறிஞர்கள்கூட அதை மேற்கோள் காட்டினார்கள். 1970களில்தான் நார்மன் கோன், ரிச்சர்ட் கீக்ஹெஃபர் ஆகிய இரு வரலாற்றாசிரியர்கள், ஒருவரை ஒருவர் சாராமல் தேடிப்போய், அப்படி ஒரு மூல ஆவணமே இல்லை என்று கண்டுபிடித்தார்கள். பிரெஞ்சுப் படையை நடத்திய இளம்பெண் ஜோன் ஆஃப் ஆர்க்கையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். 1431ல் அவர் எரிக்கப்பட்டது மதவிரோதக் குற்றத்துக்காக, சூனியத்துக்காக இல்லை.

மாற்றம் 1420கள், 30களில் ஆல்ப்ஸ் மலையின் மேற்குப் பகுதியில் தொடங்கியது. அதுவரை தனித்தனியாக இருந்த இரண்டு பயங்கள் அங்கே ஒன்றாகச் சேர்ந்தன. ஒன்று, பக்கத்து வீட்டுக்காரி மாட்டின் பாலை வற்றவைத்தாள் என்ற பழைய கிராமத்துப் பயம். மற்றொன்று, ரகசியமாகக் கூடிச் சாத்தானை வணங்கும் மதவிரோதிகள் இருக்கிறார்கள் என்ற படித்தவர்களின் பயம். இரண்டும் கலந்ததும் சூனியக்காரி தனி ஆளாக இல்லாமல் ஒரு ரகசியப் படையின் சிப்பாய் ஆகிவிட்டாள். அவள் இரவில் பறந்து கூட்டத்துக்குப் போகிறாள் என்றால் அங்கே வேறு யாரையெல்லாம் பார்த்தாள்? இந்த ஒரு கேள்விதான் பின்னால் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. ஆனால் அது உச்சத்துக்குப் போனது 1560க்கும் 1630க்கும் நடுவில். அச்சு இயந்திரம் வந்தாகிவிட்டது, மறுமலர்ச்சி வந்தாகிவிட்டது, கலிலியோ தொலைநோக்கியில் வியாழனின் நிலவுகளைப் பார்த்துவிட்டார். அந்தக் காலத்தில்.

அடுத்தது சர்ச். இதில் நான் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை. சாத்தானோடு ஒப்பந்தம் என்ற கருத்தை உருவாக்கிப் பரப்பியவர்கள் மதகுருமார்கள்தான். 1484ல் போப் எட்டாம் இன்னசென்ட் வெளியிட்ட ஆணை, ஜெர்மனியில் சூனியக்காரிகளைத் தேடிப்போன ஹைன்ரிச் கிராமர் என்ற துறவிக்கு அதிகாரம் கொடுத்தது. அந்த ஆணையை முன்னால் வைத்துத்தான் அவர் 1486ல் 'சூனியக்காரிகளின் சம்மட்டி' என்ற நூலை அச்சிட்டார். பெண்களைப் பற்றி அதில் எழுதியிருப்பதைப் படித்தால் இன்றைக்கும் வயிறு எரியும். ஆனால் அதற்கு முந்தைய வருடம் நடந்தது பலருக்குத் தெரியாது. 1485ல் கிராமர் இன்ஸ்ப்ருக் நகரில் ஹெலேனா ஷொய்பெரின் என்ற பெண்மீதும் வேறு சிலர்மீதும் வழக்குத் தொடுத்தார். ஹெலேனா அவருக்கு எதிராக வெளிப்படையாகப் பேசிய பெண். விசாரணையில் கிராமர் அவருடைய அந்தரங்க வாழ்க்கையையே குடைந்து குடைந்து கேட்டதைப் பார்த்து ஆயரின் பிரதிநிதியே குறுக்கிட்டார். வழக்கு தள்ளுபடி ஆனது. அந்தப் பகுதியின் ஆயர் கியோர்க் கோல்சர், இந்தக் கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்ற ரீதியில் எழுதி, ஊரைவிட்டுப் போகச் சொன்னார். தோற்றுப்போன ஒரு மனிதர் ஆத்திரத்தில் எழுதிய நூல் அது. 1520க்குப் பிறகு சுமார் அரை நூற்றாண்டு அதற்கு மறுபதிப்பே வரவில்லை.

எல்லோரும் நினைப்பதற்கு நேர்மாறாக இருப்பது ஸ்பெயினின் கதை. ஸ்பானிய இன்குவிசிஷன், அதாவது மதவிரோதத்தை விசாரித்த கத்தோலிக்க நீதிமன்றம், என்றாலே எரிப்புதான் நினைவுக்கு வரும். யூத, முஸ்லிம் வம்சாவளியினருக்கு அது செய்த கொடுமைகள் உண்மை. சூனியத்தில் மட்டும் அது வேறு மாதிரி நடந்துகொண்டது. 1610 நவம்பரில் லோக்ரோன்யோ நகரில், ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையிலுள்ள பாஸ்க் பகுதியைச் சேர்ந்த ஆறு பேரை அது எரித்தது. சிறையிலேயே இறந்துவிட்ட ஐந்து பேருக்கு உருவபொம்மைகளை எரித்தார்கள். அந்த வழக்கை விசாரித்த மூவரில் ஒருவர் அலோன்சோ டி சலசார் ஃபிரியாஸ். அவருக்கு அப்போதே சந்தேகம். அடுத்த வருடம் மன்னிப்பு ஆணை ஒன்றோடு அவரை மலைக்கிராமங்களுக்கு அனுப்பினார்கள். சுமார் எட்டு மாதம் சுற்றினார். 1,802 பேர் அவரிடம் வந்தார்கள், அதில் 1,384 பேர் குழந்தைகள்.

சலசார் ஒவ்வொருவரிடமும் கேட்டார்: கூட்டம் எங்கே நடந்தது? எப்படிப் போனாய்? யார் யார் இருந்தார்கள்? ஒரே கூட்டத்துக்குப் போனதாகச் சொன்னவர்களைத் தனித்தனியாக அந்த இடத்துக்கு அழைத்துப்போய்க் காட்டச் சொன்னார். பதில்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. கூட்டம் நடப்பதாகச் சொன்ன இரவில் தன் உதவியாளர்களையே அங்கே அனுப்பினார். அவர்கள் கண்ணில் எதுவும் படவில்லை. பறப்பதற்கான தைலம் என்று கொண்டுவந்து கொடுத்ததை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்க்கவைத்தார். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் அவர் எழுதியது: சூனியக்காரிகளைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கும்வரை இங்கே சூனியக்காரியும் இல்லை, சூனியம் பிடித்தவரும் இல்லை. சக நீதிபதிகள் இருவரும் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். மத்ரித்தில் இருந்த தலைமை அவர் பக்கம் நின்றது. 1614ல் வந்த புதிய விதிகளுக்குப் பிறகு ஸ்பானிய இன்குவிசிஷன் சூனியத்துக்காக எரிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. அதே பாஸ்க் மலையின் பிரெஞ்சுப் பக்கத்தில் 1609ல் பியர் டி லாங்க்ர் என்ற நீதிபதி பல டஜன் பேரை எரித்தார். அவர் சாமியார் இல்லை, அரசர் அனுப்பிய நீதிபதி. ஸ்பெயினுக்குள்ளேயே கட்டலோனியாவில், இன்குவிசிஷனின் கைக்கு வராமல் உள்ளூர் நீதிமன்றங்கள் பலரைத் தூக்கிலிட்டன.

பொதுவாகவே தீர்ப்பு எழுதியவை பெரும்பாலும் அரசு நீதிமன்றங்களும் ஊர் நீதிமன்றங்களும்தான். 1532ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் கொண்டுவந்த குற்றவியல் சட்டத்தின் 109ஆம் பிரிவு, சூனியத்தால் கேடு விளைவித்தவரை எரிக்கச் சொல்கிறது. கேடு விளைவிக்காதவருக்கு வேறு தண்டனை போதும் என்றும் சொல்கிறது. கத்தோலிக்கர்கள் மட்டும்தான் செய்தார்கள் என்பதும் சரியில்லை. ஸ்காட்லாந்து, கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த பிரிவுகளில் ஒன்றான கால்வினிய நாடு. ஸ்வீடன் அப்படிப் பிரிந்த இன்னொரு பிரிவான லூத்தரன் நாடு, 1675ல் அங்கே டோர்சோக்கர் பகுதியில் ஒரே நாளில் 71 பேரைக் கொன்றார்கள், அதில் 65 பேர் பெண்கள். மிக மோசமான வேட்டைகளை நடத்தியவர்களில் கத்தோலிக்க ஆயர்கள் உண்டு என்பதும் உண்மை. வூர்ட்ஸ்பர்க், பாம்பெர்க், ட்ரியர், கொலோன் ஆகிய இடங்களில் ஆயரே நாட்டை ஆளும் சிற்றரசராகவும் இருந்தார். எந்த மதப்பிரிவு என்பதைவிட ஆட்சி எவ்வளவு பெரியது, அதைத் தட்டிக்கேட்க மேலே யாராவது இருந்தார்களா என்பதுதான் உயிரைத் தீர்மானித்தது. பாரிஸ் உயர்நீதிமன்றம் கீழ்நீதிமன்றங்கள் கொடுத்த மரண தண்டனைகளில் பெரும்பாலானவற்றை ரத்து செய்தது. 1624 முதல் சூனிய வழக்குகள் எல்லாமே கட்டாயமாகத் தன்னிடம் மேல்முறையீட்டுக்கு வரவேண்டும் என்று ஆக்கியது. சிற்றரசுகளாக உடைந்துகிடந்த ஜெர்மனியிலோ நீதிபதி, ஆட்சியாளர், பயந்த ஜனங்கள் எல்லோரும் ஒரே ஊரில் இருந்தார்கள்.

பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. அது பனி மிகுந்த காலம். 1562 ஆகஸ்டில் தென்மேற்கு ஜெர்மனியில் பெரும் ஆலங்கட்டி மழை பயிரை நாசம் செய்தது. அதைத் தொடர்ந்து வீசன்ஸ்டைக் என்ற சிற்றூரில் 63 பேர் கொல்லப்பட்டார்கள். 1626 மே கடைசியில், கோடை வாசலில் வந்து நிற்கும்போது, உறைபனி விழுந்து ஜெர்மனியின் ஃபிராங்கோனியா பகுதியின் திராட்சைத் தோட்டங்கள் கருகின. அங்கேதான் பாம்பெர்க்கும் வூர்ட்ஸ்பர்க்கும் இருக்கின்றன. விளைச்சல் போனால் பசி, பசிக்குப் பின்னால் நோய், பிறகு "இதை யார் செய்தது?" ஆட்சியாளர்களைச் சூனியக்காரிகளை ஏன் பிடிக்கவில்லை என்று நச்சரித்தவர்கள் பல இடங்களில் கிராமத்து மக்களே. ட்ரியர் பகுதியில் ஊர்க்காரர்கள் குழு அமைத்து, பணம் போட்டு வழக்கு நடத்தினார்கள்.

பாம்பெர்க்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1626 முதல் 1631 வரை அந்தச் சிறிய ஆட்சிப்பகுதியில் பல நூறு பேர் கொல்லப்பட்டார்கள். சூனிய வழக்குகளுக்கென்றே 1627ல் தனிச் சிறை கட்டினார்கள். அதில் 1628 கோடையில் அடைக்கப்பட்டவர் யோஹானஸ் யூனியஸ், 55 வயது, நகரத்தின் மேயர்களில் ஒருவர். அவர் மனைவியை ஏற்கெனவே கொன்றுவிட்டார்கள். யூனியஸின் பெருவிரல்களை இடுக்கியில் வைத்து நசுக்கினார்கள். கைகளைப் பின்னால் கட்டி மேலே தூக்கித் தூக்கிக் கீழே விட்டார்கள். ஜூலை 24 அன்று தன் மகள் வெரோனிகாவுக்கு நசுங்கிய விரல்களால் ஒரு கடிதம் எழுதினார். குற்றமில்லாமல் சிறைக்கு வந்தேன், குற்றமில்லாமல் வதைக்கப்பட்டேன், குற்றமில்லாமல் சாகப்போகிறேன் என்று தொடங்குகிறது. இந்த வீட்டுக்குள் வந்தவன் ஒன்று சூனியக்காரன் ஆகவேண்டும், அல்லது தலையிலிருந்து எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லும்வரை வதைபடவேண்டும் என்கிறார்.

அதில் ஒரு இடம். வதை முடிந்து அறைக்குத் திரும்ப அழைத்துப்போகும்போது, வதைத்த அதே ஆள் அவரிடம் கெஞ்சுகிறான்: ஐயா, கடவுள் பெயரால் கேட்கிறேன், உண்மையோ பொய்யோ எதையாவது ஒப்புக்கொள்ளுங்கள், உங்களால் தாங்க முடியாது, தாங்கினாலும் விடமாட்டார்கள். யூனியஸ் ஒரு கதையைச் சொல்கிறார். அது போதவில்லை. கூட்டத்தில் யாரைப் பார்த்தாய் என்கிறார்கள். யாரையும் தெரியவில்லை என்றதும், தெருத்தெருவாகச் சொல்லி, இந்தத் தெருவில் யார், அந்தத் தெருவில் யார் என்று பெயர் கேட்கிறார்கள். கடிதத்தின் ஓரத்தில் அவர் எழுதியிருக்கிறார்: எனக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்கள் ஆறு பேர், எல்லாம் வதையால் சொன்ன பொய், சாவதற்கு முன்னால் அவர்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். ஆகஸ்டில் அவரையும் கொன்றார்கள். அந்தக் கடிதம் இன்றும் பாம்பெர்க்கில் இருக்கிறது. சூனிய வேட்டை எப்படி ஒருவரிலிருந்து பத்துப் பேருக்கும், பத்திலிருந்து நூறுக்கும் பரவியது என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கடிதத்தைத்தான் சொல்வேன். வதை இருந்த இடத்தில் சங்கிலி நீண்டது. சித்திரவதைக்குச் சட்டத்தில் பெரும்பாலும் இடம் இல்லாத இங்கிலாந்தில் அந்தச் சங்கிலி அடிக்கடி அறுந்தது. அங்கே பெரிய வேட்டை என்றால் 1645 முதல் 47 வரை மேத்யூ ஹாப்கின்ஸ் கிழக்கு மாவட்டங்களில் நடத்தியதுதான். அவரும் தூங்கவிடாமல் நாள்கணக்கில் நடக்கவைத்துத்தான் வாக்குமூலம் வாங்கினார்.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். கொல்லப்பட்டவர்களில் முக்கால் பங்குக்குமேல் பெண்கள். இங்கிலாந்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர். பெண் பலவீனமானவள், ஆசைக்கு எளிதில் மயங்குபவள், அதனால் சாத்தானுக்குச் சுலபமாக வசப்படுவாள் என்று படித்தவர்கள் எழுதினார்கள், ஊரும் நம்பியது. குழந்தையை வளர்ப்பது, பால் கறப்பது, நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பது எல்லாம் பெண்களின் வேலை. அதனால் குழந்தை செத்தாலும் பால் வற்றினாலும் சந்தேகமும் அங்கேதான் போனது. இருந்தாலும் ஐஸ்லாந்தில் எரிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஆண்கள். ரஷ்யாவிலும் பிரான்சின் நார்மண்டியிலும் ஆண்களே அதிகம். பெண் வெறுப்பு இந்தக் கதையின் நடுவில் இருக்கிறது, ஆனால் அது மட்டுமே கதை என்றால் ஐஸ்லாந்தை விளக்க முடியாது.

மருத்துவச்சிகளைக் குறிவைத்து அழித்தார்கள் என்பது 1970களில் அமெரிக்கப் பெண்ணிய இயக்கத்தில் பரவிய கருத்து. கிராமருடைய நூல் மருத்துவச்சிகளை மிக மோசமாகத் திட்டுவதால் அது நம்பும்படியாகவும் இருந்தது. வழக்குப் பதிவுகளைப் பார்த்தால் அப்படி இல்லை. ஸ்காட்லாந்தில் பெயர் தெரிந்த 3,000க்கும் மேற்பட்ட குற்றம்சாட்டப்பட்டவர்களில் மருத்துவச்சிகள் என்று குறிக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே. பிரசவம் பார்ப்பவர் ஊரின் நம்பிக்கைக்கு உரியவர். குற்றம் சாட்டப்பட்ட பெண்ணின் உடலில் சாத்தானின் அடையாளம் இருக்கிறதா என்று தேடிப்பார்க்க நீதிமன்றம் கூப்பிட்டதே மருத்துவச்சிகளைத்தான். மந்திரித்துக் கயிறு கட்டுவது, காணாமல்போன பொருளுக்குக் குறி சொல்வது என்று இருந்த நாட்டு வைத்தியர்கள் சிலர் மாட்டிக்கொண்டார்கள், அது உண்மை. ஆனால் "உனக்குச் சூனியம் வைத்தது இன்னார்தான்" என்று கைகாட்டியவர்களும் பெரும்பாலும் அவர்களே. சூனியக்காரிகள் எனப்பட்டவர்கள் ரகசியமாகப் பழைய தெய்வங்களை வணங்கி வந்தார்கள் என்ற கருத்தை 1921ல் மார்கரெட் மர்ரே என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் முன்வைத்தார். வதையில் பிடுங்கிய வாக்குமூலங்களை வெட்டி ஒட்டி எழுதிய அதை இன்று ஆய்வாளர்கள் ஏற்பதில்லை.

மூலிகை தெரிந்த பெண் என்றால் எனக்கு நினைவுக்கு வருபவர் கதரீனா கெப்ளர். கோள்களின் பாதையைக் கண்டறிந்த யோஹானஸ் கெப்ளரின் அம்மா. எழுபதை எட்டிக்கொண்டிருந்த விதவை, லியோன்பெர்க் என்ற சிறு ஊர். 1615ல் உர்சுலா ரைன்போல்ட் என்ற பெண், இவர் கொடுத்த கசப்பான பானத்தைக் குடித்ததிலிருந்து தனக்கு நோய் என்றார். முன்பே இரு குடும்பத்துக்கும் பகை. ஊர் அதிகாரி ஐன்ஹார்ன் உர்சுலா பக்கம். பிறகு ஒருவர் பின் ஒருவராக அக்கம்பக்கத்தார் வந்தார்கள்: என் கால் முடமானது, என் மாடு செத்தது. 1620 ஆகஸ்டில் கைது செய்து சங்கிலியில் கட்டினார்கள். பேரரசரின் கணித வல்லுநரான மகன் வேலையை விட்டுவிட்டு லின்ஸ் நகரிலிருந்து வந்து, ஒவ்வொரு சாட்சியையும் தேதி வாரியாக, காரண காரியமாகப் பிரித்துக் காட்டும் நீண்ட எதிர்வாதத்தைத் தயாரித்தார். கடைசியில் ட்யூபிங்கன் சட்டப் பேராசிரியர்கள், வதைக்கருவிகளைக் காட்டிப் பயமுறுத்துங்கள், பயன்படுத்தாதீர்கள் என்று கருத்துச் சொன்னார்கள். கருவிகளின் முன்னால் நிறுத்தியபோது அந்தக் கிழவி, என் நரம்புகளை ஒவ்வொன்றாக உருவினாலும் ஒப்புக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை என்றார். 14 மாதச் சிறைக்குப் பிறகு 1621 அக்டோபரில் விடுதலை. அடுத்த ஏப்ரலில் இறந்துவிட்டார். கெப்ளரைப்போல் ஒரு மகன் இல்லாத விதவைகள் எத்தனை பேர் என்ற நினைப்பு இதைப் படிக்கும்போதெல்லாம் வரும்.

எரிப்பு, தண்ணீர்ச் சோதனை இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் சூனியத்துக்குத் தூக்குத் தண்டனைதான், எரிப்பு இல்லை. அமெரிக்காவின் சேலத்தில் 1692ல் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒருவரைக் கற்களால் அழுத்திக் கொன்றார்கள், எரிக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை. ஸ்காட்லாந்தில் கழுத்தை நெரித்துவிட்டு, ஸ்வீடனில் தலையை வெட்டிவிட்டு உடலை எரித்தார்கள். ஜெர்மனியிலும் பல இடங்களில் அப்படித்தான், ஆனால் உயிரோடு எரித்ததும் உண்டு. தண்ணீரில் போட்டு "மூழ்கினால் நிரபராதி, ஆனால் செத்துப்போவாள்" என்பது பாதிதான் சரி. இடுப்பில் கயிறு கட்டியிருக்கும், மூழ்கினால் இழுத்துவிடுவார்கள். ஆனாலும் ஆபத்துதான். சூனியத்துக்கு எதிரான சட்டம் ரத்தான பிறகு 1751ல் இங்கிலாந்தின் ட்ரிங் ஊரில் ஒரு கும்பல் ரூத் ஆஸ்போர்ன் என்ற முதிய பெண்ணைக் குளத்தில் இழுத்துப்போட்டதில் அவர் இறந்தார். அந்தக் கும்பலின் தலைவனை அரசு தூக்கிலிட்டது. அப்புறம், பூனைகளைக் கொன்றதால்தான் எலி பெருகிக் கொள்ளைநோய் வந்தது என்ற கதை: கொள்ளைநோய் 1347ல் வந்தது, சூனிய வேட்டை உச்சத்துக்குப் போனது அதற்கு இருநூறு வருடம் கழித்து. பூனைகளைக் கொல்லச் சொல்லிப் போப்பாண்டவர் எவரும் ஆணை போட்டதில்லை.

எப்படி முடிந்தது என்பதிலும் ஒரு தவறான எண்ணம் உண்டு. அறிவியல் வளர்ந்து ஜனங்கள் நம்பிக்கையை விட்டார்கள், அதனால் நின்றது என்பார்கள். நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. நீதிபதிகளுக்குத்தான் முதலில் ஆதாரத்தின்மீது சந்தேகம் வந்தது. 1631ல் ஃபிரீட்ரிஷ் ஸ்பே என்ற இயேசு சபைக் குரு பெயர் போடாமல் ஒரு நூல் எழுதினார். சூனியக்காரிகளே இல்லை என்று அவர் சொல்லவில்லை. வதைத்தால் யாரும் எதையும் ஒப்புக்கொள்வார்கள், என்னை வதைத்தால் நானும் ஒப்புக்கொள்வேன் என்றார். பாம்பெர்க் வேட்டை நின்றதும் அங்கிருந்து தப்பியவர்கள் பேரரசரின் நீதிமன்றத்தில் முறையிட்டதாலும், பிறகு ஸ்வீடன் படை வந்ததாலும்தான். பிரான்சில் சூனிய வழக்குகளை முடித்துவைத்தது 1682ல் மன்னர் பதினான்காம் லூயியின் ஆணை, பிரிட்டனில் 1736ல் சட்ட ரத்து. ஆனாலும் சுவிட்சர்லாந்தின் கிளாரஸில் 1782ல்கூட அன்னா கோல்டி என்ற வேலைக்காரப் பெண்ணின் தலையை வெட்டினார்கள். கிளாரஸ் சட்டமன்றம் 2008ல் அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது.

ஜெர்மனியின் கடைசி சூனிய மரண தண்டனை 1775ல் கெம்ப்டன் நகரில் அன்னா ஷ்வேகெலினுக்கு நிறைவேற்றப்பட்டது என்று பழைய நூல்களில் இருக்கும். தீர்ப்பு எழுதியது உண்மை. ஆனால் 1990களில் ஆவணங்களை மறுபடி பார்த்தபோது தண்டனை நிறைவேறவே இல்லை என்று தெரிந்தது. மறுவிசாரணைக்கு உத்தரவு போட்டுவிட்டு, அப்புறம் அவரை அப்படியே மறந்துவிட்டார்கள். ஆறு வருடம் கழித்து, 1781ல், அதே சிறையில் அவர் இயற்கையாக இறந்தார்.